நகரும் விலை, நகராத விலை: தாம்பரத்தில் இருந்து ஊருக்கு மலிவா போறது எப்படி?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு டிக்கெட் பத்திப் பேசப் போறோம். சினிமா டிக்கெட் இல்ல, ஊருக்குப் போற டிக்கெட்.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன், ஏன்னா இந்த எபிசோடே அதுல இருந்துதான் வந்தது. 2024 தீபாவளி, அக்டோபர் 31, வியாழக்கிழமை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. கையில வர்ற சம்பளம் 22,000. சேலையூர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல், ரூமுக்கு மூணு பேர். சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். எங்க வீட்டு மிக்ஸி ரெண்டு வருஷமா அடியில ஒழுகிட்டே இருந்துச்சு. "இந்தத் தீபாவளிக்குப் புது மிக்ஸியோட வரேம்மா"ன்னு போன்ல சொல்லியிருந்தேன்.

அக்டோபர் நடுவுல ஒரு நாள் ராத்திரி டிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன். ரயில் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். சரின்னு ஒரு பஸ் ஆப்பைத் திறந்தேன். ஸ்லீப்பர் பஸ், 3,200 ரூபாய். கீழே சிவப்பு எழுத்துல "இன்னும் 2 சீட்தான் இருக்கு". அதுக்குக் கீழே "14 பேர் இதே பஸ்ஸைப் பார்த்துட்டு இருக்காங்க". பக்கத்துல ஒரு கடிகாரம் எட்டு நிமிஷத்துல இருந்து இறங்கிட்டே வருது. எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. போட்டுட்டேன். அதே பதற்றத்துல திரும்பி வரவும் 2,900க்குப் போட்டேன். மொத்தம் 6,100.

மறுநாள் ரூம்ல இருக்கிற கோவில்பட்டி அக்காகிட்ட சொன்னேன். "ஏட்டி, ஆறாயிரமா கொடுத்த?"ன்னு அவங்க காபி டம்ளரைக் கீழ வெச்சிட்டாங்க. அவங்க ஜூலையிலயே ரயில்ல ஸ்லீப்பர் போட்டிருக்காங்க. ஏறக்குறைய 400 ரூபாய். அந்தத் தீபாவளிக்கு நான் அரைக் கிலோ ஸ்வீட்டோட வீட்டுக்குப் போனேன். அம்மா ஒண்ணும் கேட்கல. "வந்து சேந்தியே, அது போதும்"னாங்க. அந்த "அது போதும்"தான் எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் இந்த டிக்கெட் விலை எப்படி வேலை செய்யுதுன்னு உட்கார்ந்து படிச்சேன். அதைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்றேன்.

ரெண்டு வகை விலை

நாம எல்லாரும் ஆஃபர் தேடுறோம். கூப்பன் கோடு, கேஷ்பேக், கார்டு தள்ளுபடி. அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: நான் வாங்கப் போற டிக்கெட்டோட விலை நகருமா, நகராதா?

நகராத விலைன்னா, யாரோ ஒரு பட்டியல் போட்டு நிர்ணயிச்ச கட்டணம். நெல்லை, பொதிகை, பாண்டியன், முத்துநகர், கன்னியாகுமரி மாதிரி ரயில்கள்ல பொது முன்பதிவு டிக்கெட் இந்த வகை. தீபாவளிக்கு முந்தின நாளும் அதே விலை, ஆடி மாசம் ஆளே இல்லாத செவ்வாய்க்கிழமையும் அதே விலை. அரசு விரைவுப் பேருந்தும் அப்படித்தான். கட்டணத்தை அரசு முடிவு பண்ணுது. பண்டிகைன்னு இஷ்டத்துக்கு ஏறாது.

நகரும் விலைன்னா, கூட்டத்தைப் பார்த்து ஏறி இறங்குறது. ஃப்ளைட், ஆம்னி பஸ், ரயில்ல பிரீமியம் தட்கல், வாடகை கேப் எல்லாம் இதுல வரும். ஆம்னி பஸ் ஏன் இப்படின்னா, அந்த வண்டிகள் ஓடுறது ஒப்பந்த ஊர்திங்கிற பர்மிட்ல. அரசு பஸ் மாதிரி நிலையத்துக்கு நிலையம்னு அரசு கட்டணம் நிர்ணயிக்கிற பர்மிட் அது இல்ல. அதனாலதான் ஒவ்வொரு பண்டிகைக்கும் அதிகக் கட்டணம் பத்தின அதே செய்தியும், போக்குவரத்துத் துறை சோதனையும் வருது.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? நகராத விலையில நீங்க விலைக்காகப் போட்டி போடல, சீட்டுக்காகப் போட்டி போடறீங்க. அங்க உதவுறது தேதி மட்டும்தான். நகரும் விலையில சீட்டு எப்பவும் கிடைக்கும், ஆனா விலை உங்களை அடிக்கும். அங்க உதவுறது கணக்கு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி கூப்பன் தேடிட்டு இருந்தா, நான் மாட்டின மாதிரி மாட்டுவீங்க.

நகராத விலை: 60 நாள் கணக்கு

ரயில் முன்பதிவு முன்னாடி 120 நாள் இருந்துச்சு. 2024 நவம்பர் 1ல இருந்து 60 நாள் ஆக்கிட்டாங்க, பயண நாளைச் சேர்க்காம. முன்பதிவு காலை 8 மணிக்குத் திறக்கும்.

உதாரணத்துக்கு 2025 தீபாவளியை எடுத்துக்கலாம். அக்டோபர் 20, திங்கட்கிழமை. வேலைக்குப் போற எல்லாரும் கிளம்ப நினைக்கிற நாள் வெள்ளிக்கிழமை, அக்டோபர் 17. அந்த டிக்கெட் திறந்தது ஆகஸ்ட் 18 காலை 8 மணிக்கு. ஆகஸ்ட் 18ல யாருக்குங்க தீபாவளி ஞாபகம் வரும்? ஞாபகம் வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் 400 ரூபாய் சீட்டு.

அதனால புது வருஷக் காலண்டர் வந்ததும் ஒரு வேலை பண்ணுங்க. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி, உங்க ஊர்க் கொடை, எதுக்கெல்லாம் போவீங்களோ அதுக்கெல்லாம் கிளம்புற நாள்ல இருந்து 60 நாள் பின்னாடி எண்ணி, போன்ல அலாரம் போட்டுடுங்க. திரும்பி வர்ற நாளுக்குத் தனி அலாரம். போறதுக்கு டிக்கெட் போட்டுட்டு வர்றதை மறந்துட்டு, கடைசியில அதுக்குப் பஸ்ல மூவாயிரம் கொடுக்கிறவங்க நிறைய பேர்.

ஆதாரையும் ஐஆர்சிடிசி கணக்கோட இப்பவே இணைச்சிடுங்க. 2025 ஜூலை 1ல இருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம். அதே வருஷம் அக்டோபர் 1ல இருந்து, பொது முன்பதிவு திறக்கிற முதல் 15 நிமிஷத்துக்கும் இந்த விதி வந்துச்சு. பண்டிகை நாளுக்கு அந்த முதல் 15 நிமிஷம்தாங்க எல்லாமே. எட்டு மணிக்கு உட்கார்ந்து ஓடிபி வரலன்னு புலம்பிப் பிரயோஜனம் இல்ல.

முதல் நாள் கிடைக்கலன்னா?

கிடைக்காம போகத்தான் நிறைய வாய்ப்பு. அதனால ரெண்டாவது, மூணாவது வழியையும் வெச்சுக்கணும்.

ஒண்ணு, பகல் ரயில். எல்லாரும் ராத்திரி ஏறி காலையில இறங்கணும்னு நினைக்கிறோம். மதுரைக்கு வைகை, காரைக்குடிக்குப் பல்லவன், திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போக குருவாயூர் எக்ஸ்பிரஸ். ஒரு பகல் போகும், உண்மைதான். ஆனா வைகை மாதிரி ரயில்ல இருக்கிற செகண்ட் சிட்டிங்தான் முன்பதிவு வகுப்புகள்லயே விலை குறைஞ்சது.

ரெண்டு, சாதா தட்கல். தட்கல்னாலே காசுன்னு ஒரு பயம் இருக்கு. ஸ்லீப்பருக்குத் தட்கல் கூடுதல் கட்டணம் குறைஞ்சது 100, அதிகபட்சம் 200 ரூபாய்தான். அதுக்கு மேல போகாது. ஏறி இறங்குறது பிரீமியம் தட்கல். ஆப்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், கவனமா பாருங்க. பயணத்துக்கு முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஏசி இல்லாத வகுப்புகள். ஒரு எச்சரிக்கை: உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து பண்ணா காசு திரும்பாது.

மூணு, சிறப்பு ரயில். தாம்பரத்துல இருந்து திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் பண்டிகைக்கு விடுவாங்க. இதோட முன்பதிவு 60 நாள் முன்னாடி திறக்காது. அறிவிச்ச பிறகுதான் திறக்கும். தெற்கு ரயில்வேயோட சமூக ஊடகப் பக்கத்துக்கு நோட்டிஃபிகேஷன் போட்டு வைங்க. வழக்கமான கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். அப்பவும் பண்டிகைக் கால ஆம்னியோட ஒப்பிட்டா பரவாயில்ல.

நாலு, தாம்பரம் - நாகர்கோவில் அந்த்யோதயா. முழுக்க முன்பதிவு இல்லாத ரயில். அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்துட்டு ஏறலாம். பண்டிகை நேரத்துல நின்னுட்டுப் போக வேண்டி வரும்னு தெரிஞ்சே ஏறுங்க. தனியா போற பெண்களுக்கு அந்தக் கூட்டத்தை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்; சாதாரண வாரத்துல போய்ப் பாருங்க.

அஞ்சு, அரசு பஸ். 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கம் நிலையம் திறந்தப்போ கோயம்பேடு பக்கம் இருக்கிறவங்க எல்லாம் திட்டினாங்க. நமக்கு அது லாபம். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி ஆளுங்களுக்கு ஒரு டவுன் பஸ் தூரம். பண்டிகைக்கு அங்க இருந்து சிறப்புப் பேருந்து விடுவாங்க. நேர் பஸ் இல்லன்னா திருச்சி, மதுரைன்னு மாறிப் போகலாம். உடம்பு வலிக்கும், பர்ஸ் வலிக்காது.

நகரும் விலை: பதற்றத்தை விக்கிறாங்க

இப்ப என் 3,200 ரூபாய் கதைக்கு வருவோம். அந்த "2 சீட்தான்", "14 பேர் பார்க்கிறாங்க" எழுத்து பொய்யா உண்மையான்னு எனக்கு நிரூபிக்க முடியாது. ஆனா இது ஒரு தந்திரமா இருக்க முடியும்னு அரசாங்கமே எழுதி வெச்சிருக்கு. 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன்ஸ் பத்தின வழிகாட்டுதல்களை வெளியிட்டுச்சு. ஆப், இணையதளங்கள் நம்மளை ஏமாத்தி முடிவெடுக்க வைக்கிற 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டு, அதெல்லாம் கூடாதுன்னு சொல்லுது.

முதல்ல வர்றது போலி அவசரம். ரெண்டே ரூம்தான் இருக்கு, முப்பது பேர் பார்த்துட்டு இருக்காங்கன்னு சரியான விவரம் இல்லாம காட்டுறதை அதுவே உதாரணமா சொல்லுது. படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

அடுத்தது, நாம கேட்காத பொருளைக் கூடைக்குள்ள நுழைக்கிறது. பணம் கட்டுற பக்கத்துக்குப் போனா இன்ஷூரன்ஸ், "ஃப்ரீ கேன்சலேஷன்", ஏதோ ஒரு தொண்டு நிதி, எல்லாம் முன்னாடியே டிக் ஆகி இருக்கும். எடுத்துடுங்க. எடுக்கும்போது "நான் பாதுகாப்பில்லாம போறேன்"ங்கிற மாதிரி ஒரு பட்டன் நம்மளைக் குத்திக் காட்டும். அதுவும் பட்டியல்ல இருக்கு. வெட்கப்பட வைக்கிற தந்திரம்.

இன்னொண்ணு, துளித்துளியா விலை ஏத்துறது. முதல் பக்கத்துல 1,800. கடைசிப் பக்கத்துல 2,350. கன்வீனியன்ஸ் ஃபீ, சீட் தேர்வுக் கட்டணம்னு சேர்ந்துக்கிட்டே போகும்.

இதுக்கு நான் வெச்சிருக்கிற விதி ஒண்ணே ஒண்ணு. பணம் கட்டுற கடைசிப் பக்கத்துத் தொகையை மட்டும்தான் விலைன்னு எடுத்துப்பேன். ரெண்டு ஆப், அப்புறம் அந்த பஸ் கம்பெனியோட அல்லது ஏர்லைனோட சொந்த இணையதளம், மூணுலயும் கடைசிப் பக்கம் வரைக்கும் போய், தொகையை ஒரு காகிதத்துல எழுதுவேன். 300 ரூபாய் கூப்பன் கொடுத்துட்டு 400 ரூபாய் ஃபீ போட்டிருந்தா அங்கதான் தெரியும். பஸ்ஸா இருந்தா சீட் படத்தைப் பாருங்க: ரெண்டு சீட்தான்னு சொல்ற பஸ்ல, அதே தேதிக்கு இன்னொரு ஆப்ல பதினஞ்சு சீட் காலியா இருந்தா, உங்களுக்கு அவசரமே இல்ல.

ஒப்பீட்டுக்கு ஐஆர்சிடிசியைப் பாருங்க. ஏசி இல்லாத டிக்கெட்டுக்கு யுபிஐ-ல கட்டினா கன்வீனியன்ஸ் ஃபீ 10 ரூபாய், கார்டு மாதிரி வேற வழியில 15, ஏசிக்கு 20, 30, மேல ஜிஎஸ்டி. அதுவும் ஆளுக்கு இல்ல, டிக்கெட்டுக்கு.

ஃப்ளைட் பத்திக் கொஞ்சம்

தென்புறநகர் ஆளுங்களுக்கு ஏர்போர்ட் பக்கத்துல இருக்கிறது ஒரு வரம். தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி திரிசூலத்துல இறங்க 5 ரூபாய். கேப்புக்குக் கொடுக்கிற காசையும் டிக்கெட் விலையோட சேர்த்துத்தானே கணக்குப் போடணும்?

ஃப்ளைட்ல ஒரே மாதிரி சீட்டை ஏர்லைன் பல விலைக் கட்டுகளா பிரிச்சு வெச்சிருக்கும். குறைஞ்ச விலைக் கட்டுல சில சீட், அது தீர்ந்ததும் அடுத்த கட்டு. நீங்க பார்க்கும்போது 2,800, அரை மணி கழிச்சு 3,400ன்னா, உங்க பிரவுசர் உங்களை உளவு பார்த்ததைவிட அந்தக் கட்டு தீர்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதுல ஒரு நல்ல உத்தி இருக்கு. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினா, குறைஞ்ச கட்டுல ரெண்டு சீட்தான் மிச்சம்னா, நாலு பேருக்கும் மேல் கட்டு விலையைக் காட்டிடும். முதல்ல ஒருத்தருக்குத் தேடிப் பாருங்க. விலை குறைஞ்சா ரெண்டு ரெண்டா போடுங்க.

ரத்து பண்ண வேண்டி வந்தா டிஜிசிஏ விதி ஒண்ணு நினைவுல இருக்கட்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. ஆஃபர்ல வாங்கின, பணம் திரும்பாத டிக்கெட்டா இருந்தாலும் வரியும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் திரும்பக் கொடுக்கணும். பலர் கேட்கிறதே இல்ல. கேளுங்க.

ஆஃபரோட கொக்கி

ஒவ்வொரு தள்ளுபடிக்கும் ஒரு கொக்கி உண்டு. அது எங்க இருக்குன்னு தேடுங்க. 2025 தீபாவளிக்கு ரயில்வே ஒரு திட்டம் அறிவிச்சுது. போக வர சேர்த்துப் போட்டா, திரும்பி வர்ற டிக்கெட்டோட அடிப்படைக் கட்டணத்துல 20 சதவீதம் தள்ளுபடி. கேட்க நல்லா இருக்கு, இல்லையா? போறது அக்டோபர் 13 முதல் 26க்குள்ள. திரும்புறது நவம்பர் 17 முதல் டிசம்பர் 1க்குள்ள. தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு ஒரு மாசம் கழிச்சு வர எந்த மேனேஜர் லீவ் கொடுப்பாரு? ரத்து பண்ணா பணமும் திரும்பாது. ஊர்லயே தங்குற பெரியவங்களுக்கு அது உதவியிருக்கலாம். நமக்கு இல்ல. தள்ளுபடியோட சதவீதத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தேதியைப் படிங்க.

ரீஃபண்டுன்னு சொல்லி வர்ற திருடன்

என் அத்தை பொண்ணு ஒருத்தி ரத்து பண்ண பஸ் டிக்கெட்டுக்குப் பணம் வரலன்னு, கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடினா. வந்த முதல் நம்பருக்கு அடிச்சா. எதிர்முனையில இருந்தவன் ரொம்ப மரியாதையா "மேடம், ரீஃபண்ட் வாங்க இந்த ஆப்பை இறக்குங்க"ன்னான். ஸ்க்ரீனைப் பகிர்ற ஆப் அது. 900 ரூபாய் ரீஃபண்டுக்குப் போய் 14,000 போச்சு.

ஆப்புக்குள்ள இருக்கிற உதவிப் பக்கம் தவிர வேற எங்கயும் நம்பர் தேடாதீங்க. பணம் வாங்குறதுக்கு யுபிஐ பின் போட வேண்டியதே இல்ல. பின் கேட்டா உங்ககிட்ட இருந்து எடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். ஏமாந்துட்டா வெட்கப்பட்டு உட்காராம, உடனே 1930க்கு அடிங்க. சீக்கிரம் சொன்னாதான் பணத்தை வழியில நிறுத்த முடியும். மோசடி இல்லாம, கம்பெனி ரீஃபண்டை இழுத்தடிக்குதுன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

2025ல என்ன ஆச்சு

முடிக்கிறதுக்கு முன்னாடி, இதையெல்லாம் நான் செஞ்சேனான்னு கேட்பீங்க. ஆகஸ்ட் 18 காலை 7.50க்கு லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில், நான் பேரு தட்டி முடிக்கிறதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட் ஆயிடுச்சு. ஆமாங்க, தோத்துட்டேன். மறுநாள் 19ஆம் தேதி மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை சனிக்கிழமை பகல் குருவாயூர் எக்ஸ்பிரஸ். கிடைச்சுது. திரும்பி வர அரசு விரைவு பஸ், கிளாம்பாக்கத்துல இறங்கி டவுன் பஸ். போக வர 1,200 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

தாம்பரத்துல ஏறும்போது மடியில ஒரு அட்டைப் பெட்டி. விழுப்புரம் தாண்டி எதிர் சீட்டுப் பாட்டி, "என்னம்மா, பெட்டியைக் கீழ வெக்க மாட்டியா?"ன்னு கேட்டாங்க. வெக்கல.

அம்மா பெட்டியைப் பிரிச்சுட்டு முதல்ல கேட்டது என்ன தெரியுமா? "எவ்வளவு ஆச்சு?" மிக்ஸி விலையைச் சொன்னேன். "அது இல்லட்டி, டிக்கெட்டு."

இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. அடுத்த பண்டிகைக்குக் கிளம்புற நாளைப் பாருங்க, 60 நாள் பின்னாடி எண்ணுங்க, காலை 7.45க்கு அலாரம் போடுங்க. உங்க ரூம்மேட் போனையும் வாங்கிப் போட்டு விடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.